பிரேக்கை மிதித்தால் மீட்டர் எரிகிறது: மூன்று பில்லும் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவும்

அனுப்புநர்:
உங்கள் கார் சர்வீஸ் வருட பேக்கேஜ் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.
(பெயர், முகவரி, வண்டி எண் மூன்றும் உங்கள் பில்லில் உள்ளபடி)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 02.12.2025

பொருள்: என் காரின் டெயில் லேம்ப், மீட்டர் போர்டு விளக்குக் கோளாறைக் கண்டுபிடிக்காமலே பாகங்களை மாற்றி ரூ. 15,730 வசூலித்ததும், என் பழைய மீட்டரைத் திருப்பித் தராததும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

என்னிடம் இருப்பது 2010 டிசம்பரில் பதிவான பெட்ரோல் கார். அக்டோபர் முதல் வாரம் ஒருநாள் சாயங்காலம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். பிரேக்கில் கால் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி, "லைட்டுதான் போடலையே, மீட்டர் எதுக்கு மினுங்குது?" என்றாள். பார்த்தால் உண்மைதான். ஹெட்லைட் சுவிட்ச் அணைந்திருக்க, மீட்டர் போர்டு மட்டும் மங்கலாகப் பச்சையாய்த் தெரிந்தது. காலை எடுத்தால் அணைந்தது, மிதித்தால் மறுபடி எரிந்தது. வீட்டுக்கு வந்து பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். வலது பிரேக் லைட் நன்றாக எரிந்தது, இடது அழுதுகொண்டு எரிந்தது. பார்க்கிங் லைட்டைப் போட்டு இடது இண்டிகேட்டரையும் போட்டால், இண்டிகேட்டரோடு சேர்ந்து டெயில் லைட்டும் சிமிட்டியது. மீட்டரில் உள்ள அம்புக்குறியோ வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டது.

மின்வாரியத்தில் 31 வருடம் கம்பம் ஏறியவன் நான். நானே பார்த்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன், ஒரு மாதத்துக்குக் குனியாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் ஏற்கெனவே ஆன்லைனில் உங்கள் வருட பேக்கேஜைக் கட்டி வைத்திருந்தான். சரி, கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டேன்.

அக்டோபர் 22 அன்று வண்டியை விட்டோம். மேலே நான் எழுதியதையெல்லாம் பையன் உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் சொல்லியிருக்கிறான். ஜாப் கார்டில் அவர் எழுதியது இரண்டே சொல்: 'லைட் பிராப்ளம்'. இரண்டு பக்கமும் பல்பு, இடது பக்க ஹோல்டர் மாற்றி ரூ. 1,480 வாங்கினார்கள். இதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை. பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட் என்று இரண்டு இழை ஒரே பல்பில் இருக்கிற வண்டி இது. அதில் ஒற்றை இழை பல்பை அமுக்கிப் போட்டுவிட்டாலும் கிட்டத்தட்ட இதே கோளாறுதான் காட்டும். ஆகவே முதலில் பல்பைப் பார்த்தது நியாயம். மாற்றிய பிறகு ஒருமுறை பிரேக்கை மிதித்து மீட்டரைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வண்டி கோளாறோடுதான் வீட்டுக்கு வந்தது.

நவம்பர் 3 அன்று இரண்டாவது தடவை. அதற்குள் மழை பிடித்து, டெயில் லைட் பியூஸும் போயிருந்தது. பிரேக் சுவிட்சை மாற்றி, பியூஸ் போட்டு ரூ. 2,350 பில் கொடுத்தீர்கள். பியூஸ் பெட்டியை நான் திறந்து பார்த்தது பிறகுதான். மூடியில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிற இடத்தில் மஞ்சள் நிற பியூஸ் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் என்றால் 20. சிவப்புதான் 10. உங்கள் ஆட்களுக்கு இது தெரியாமல் இருக்காது. சின்ன பியூஸ் திரும்பப் போய்விடுகிறது, வாடிக்கையாளர் திரும்ப வருவார், பெரியதாகப் போட்டுவிட்டால் தொல்லையில்லை என்று யாரோ நினைத்திருக்கிறார். வயர் 10 ஆம்பியருக்குத்தான் கணக்குப் பண்ணிப் போட்டது. அடுத்து ஒரு ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் போவதற்கு முன்னால் வயரின் தோல் உருகியிருக்கலாம். பின்சீட்டில் பேத்தி உட்காருகிற வண்டி இது. கண்டிப்பாக இதற்கு மட்டுமாவது எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நவம்பர் 17, மூன்றாவது தடவை. "மீட்டர் போர்டுக்குள்ள ஷார்ட் சார், அதான் தானா எரியுது" என்று பையனிடம் சொல்லி, வேறொரு பழைய வண்டியில் இருந்து கழற்றிய மீட்டரை மாட்டிவிட்டீர்கள். கூலியோடு ரூ. 11,900. வீட்டுக்கு வந்து பிரேக்கை மிதித்தேன். இப்போது புது மீட்டர் மினுங்கியது!

இதைவிடப் பெரிய வேடிக்கை கிலோமீட்டர். அன்றைக்கு வண்டி உள்ளே போகும்போது உங்கள் ஜாப் கார்டில் எழுதியிருப்பது 1,12,640. வெளியே வரும்போது பில்லில் அச்சாகியிருப்பது 68,215. ஒரே நாளில் என் காருக்கு 44 ஆயிரம் கிலோமீட்டர் வயசு குறைந்துவிட்டது. எனக்கு ஆபரேஷன் பண்ணிய டாக்டரால்கூட இது முடியவில்லை. நாளைக்கு இந்த வண்டியை விற்கப் போனால், மீட்டரைத் திருப்பி ஏமாற்றுகிறான் என்று என்னைத்தானே சொல்வார்கள்? பழைய மீட்டரைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள். கழற்றிய பாகம் வாடிக்கையாளருடையது. அதைக் கேட்காமல் ஸ்கிராப்புக்குப் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

திரும்பவும் போன் செய்தபோது அட்வைசர், "பழைய வண்டி சார், வயரிங் மொத்தமா மாத்தணும், 28 ஆயிரம் ஆகும்" என்றார். வண்டிக்கு 15 வருடம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற ஆய்வு) காட்டியாக வேண்டும். நவம்பர் கடைசியில் பையன் கொண்டுபோனான். ஆய்வாளர் பின்னால் நின்று பிரேக்கை மிதிக்கச் சொல்லியிருக்கிறார். இடது லைட்டைப் பார்த்ததும், சரி செய்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான்.

அப்புறம் நானே இறங்கினேன். குனியலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

தெருவில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) அறுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் லைன்மேன் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வீட்டில் பல்பு மங்கும், பக்கத்து வீட்டில் டிவி புகையும். கரண்ட் திரும்பிப் போகிற வழி அடைபட்டால் அது சும்மா நிற்காது, கிடைத்த சந்தில் எல்லாம் நுழையும். காரிலும் அதேதான். டெயில் லேம்பின் எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற இணைப்பு) விட்டுப்போனால், பிரேக் இழையில் வந்த கரண்ட் பக்கத்து டெயில் இழை வழியாகத் தலைகீழாகப் போய் டெயில் லைட் வயரைப் பிடிக்கும். மீட்டர் விளக்கும் அந்த வயரில்தான் இருக்கிறது, அதற்கு எர்த் வேறு இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. அதனால்தான் பிரேக்கை மிதித்தால் மீட்டர் மினுங்கியது. மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

டிக்கியில் இடது பக்க அட்டையை விலக்கினேன். டெயில் லேம்ப் ரப்பர் வெடித்து, உள்ளே மழைத்தண்ணீர் இறங்கிய கோடு மஞ்சளாய்த் தெரிந்தது. அந்தக் கோடு போய் முடிகிற இடத்தில்தான் கறுப்பு வயர் பாடியோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறது. வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும், இன்னொரு முனையை நீளமான வயர் கொடுத்து பேட்டரி மைனஸிலும் வைத்து, பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். எர்த் ஒழுங்காக இருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 4.7 காட்டியது. பிறகு ஹோல்டர் எர்த்தில் இருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக ஒரு வயர் கொடுத்தேன். இடது பிரேக் லைட் பளீரென்று வந்தது, மீட்டர் போர்டு அணைந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினால் தலைக்கு அடியில் செதில் செதிலாகத் துரு. உப்புத்தாளால் பாடியைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, வயர் முனையையும் தேய்த்து, புது ஸ்க்ரூ முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். ரப்பரையும் மாற்றினேன். மொத்தச் செலவு 140 ரூபாய், முக்கால் மணி நேரம். அதில் பாதி நேரம் மூக்குக் கண்ணாடியைத் தேடியது.

உங்கள் பட்டறையில் மூன்று தடவையும் யாரும் ஒரு டெஸ்ட் பல்பைக்கூட வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் புகார். பாகம் மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு. நான் பணம் கட்டியது இரண்டாவதற்கு.

ஆகவே கேட்கிறேன்: மூன்றாவது பில்லின் ரூ. 11,900 முழுவதையும், பிரேக் சுவிட்ச் மாற்றிய ரூ. 2,350-ஐயும் திருப்பித் தாருங்கள். முதல் பில்லை நான் கேட்கவில்லை, பல்பு எரிகிறது. என் பழைய மீட்டரைத் தேடிப்பிடித்து மாட்டிக் கொடுங்கள். அது நிஜமாகவே இல்லையென்றால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் நீங்கள் மீட்டரை மாற்றினீர்கள் என்று லெட்டர்பேடில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தாருங்கள். பியூஸ் விஷயத்துக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்வேன். அதற்கும் மசியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, எனக்கு வேறு வேலையும் கிடையாது. ஜாப் கார்டு, பில் நகல்கள் இணைத்திருக்கிறேன்.

அந்த மஞ்சள் பியூஸும் துருப்பிடித்த ஸ்க்ரூவும் ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன், கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்