பெப்சி கோப்பை சரி, தேதிகள்?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'குயின்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் கதையான 'போஹிமியன் ராப்சடி' படத்தைப் பற்றிய கட்டுரை படித்தேன். குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியாக வரும் ராமி மாலிக்கின் நடிப்பைப் புகழ்ந்ததில் எனக்குச் சண்டை இல்லை. ஆஸ்கார் கொடுத்தது சரிதான். ஆனால் 'குயின் குழுவின் உண்மைக் கதை' என்று எழுதியிருந்ததுதான் உறுத்தியது.

1985 ஜூலை 13, பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சிதான் படத்தின் உச்சம். லண்டன் வெம்ப்ளி மைதானத்து மேடையை அச்சு அசலாகப் போட்டிருக்கிறார்கள். பியானோ மேல் இருந்த பெப்சி கோப்பைகளைக்கூட விடவில்லை. அவ்வளவு மெனக்கெட்டவர்கள், தேதிகளை மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டார்கள். ஃப்ரெடி மெர்க்குரி தனி ஆல்பம் போடப் போனதால் குழு உடைந்ததாம், லைவ் எய்டுக்காகத்தான் மறுபடி ஒன்று சேர்ந்ததாம். உண்மையில் 1984ல் குயினின் 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வந்தது. அதற்கான சுற்றுப்பயணம் ஜப்பானில் முடிந்ததே 1985 மே மாதம்தான். அப்புறம், தனி ஆல்பத்தை முதலில் போட்டது ஃப்ரெடியே இல்லை. டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர், 1981லேயே! படத்தில் அந்த ரோஜரும் சேர்ந்து முறைப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஃப்ரெடியின் எய்ட்ஸ் நோய் விஷயம் இன்னும் மோசம். லைவ் எய்ட் ஒத்திகையின்போதே ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்லிவிடுவதாகக் காட்சி. அவரோடு வாழ்ந்த ஜிம் ஹட்டன் கணக்குப்படி நோய் உறுதியானது 1987ல். அழ வைப்பதற்காக இரண்டு வருடத்தை முன்னால் இழுத்திருக்கிறார்கள்.

சினிமா என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சரி. ஆனால் இதில் அடிபடுவது அந்த நான்கு பேரின் உழைப்பு. வெயில் இறங்காத மாலையில், வாண வேடிக்கை எதுவும் இல்லாமல், சுமார் 21 நிமிடத்தில் அவர்கள் அன்றைய நாளையே தங்களுடையதாக்கினார்கள். 'ரேடியோ காகா' பாட்டு வந்ததும் சுமார் 72,000 பேர் தலைக்கு மேல் கை தூக்கித் தட்டுகிறார்கள். பல வருடம் பேசாமல் இருந்தவர்கள் திடீரென்று சேர்ந்தால் இது வராது. இரண்டு மாதம் முன்புவரை மேடையில் வாசித்த கை அது.

பாராட்டவும் ஒரு இடம் உண்டு. படத்துக்குப் பெயர் தந்த 'போஹிமியன் ராப்சடி' பாட்டைக் குழு போட்டுக் காட்டும் காட்சி அது. 'இந்தப் பாட்டைப் போட்டுக் காரில் எந்தப் பையனும் தலையாட்ட மாட்டான்' என்று சொல்லும் அந்தக் கற்பனை இசைத்தட்டு நிறுவன அதிகாரியாக வருபவர் மைக் மையர்ஸ். 1992ல் 'வெய்ன்ஸ் வேர்ல்ட்' படத்தில், காருக்குள் இதே பாட்டுக்குத் தலையை ஆட்டித் தீர்த்தவர் அவரேதான்! தியேட்டரில் அதற்கு நான் மட்டும் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை