கோச் வேலைக்குச் சரி என்று சொல்

அன்புள்ள மகனுக்கு,

முதல் அணியிலிருந்து இறக்கிவிட்டு, சின்னப் பையன்களுக்கு கோச்சாக இருக்கச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னாய். உன் குரலே சரியில்லை. அன்றிலிருந்து எனக்கு ரக்பி லீக் ஆட்டக்காரர் ஆர்தர் பீட்சன் ஞாபகமாகவே இருக்கிறது. பிரிஸ்பேனில் லாங் பார்க் மைதானத்தில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ரோமாவில் பிறந்த பூர்வகுடிக்காரர். 1966-இல் பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் சிட்னிக்கு ஆடப் போனார். அப்போதெல்லாம் எந்த மாநிலத்து கிளப்பில் ஆடுகிறாயோ, அந்த மாநிலத்துக்குத்தான் ஆட முடியும். சிட்னி கிளப்புகளிடம் பணம் இருந்தது, நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டார்கள். இவரும் நியூ சவுத் வேல்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு சொந்த மண்ணையே எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கே கேப்டனானார். எந்த விளையாட்டிலும் ஒரு பூர்வகுடிக்காரர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குயின்ஸ்லாந்துக்கு ஆடும் வாய்ப்பு மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

1980-இல் அவருக்கு 35 வயது. சிட்னியின் பாரமட்டா கிளப்பில் முதல் அணியிலிருந்து ரிசர்வ் அணிக்கு, அதாவது இரண்டாம் அணிக்கு, இறங்கியிருந்தார். அந்த வருஷம்தான் இரண்டு மாநிலங்களும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம் வந்தது, சிட்னிக்குப் போனவர்களும் சொந்த மாநிலத்துக்கு ஆடலாம் என்று ஆனது. ஜூலை 8, லாங் பார்க். ரிசர்வ் ஆட்டக்காரர் குயின்ஸ்லாந்து கேப்டனாக இறங்கினார். 20-10, வெற்றி. அவர் ஆடிய ஆரிஜின் ஆட்டம் அது ஒன்றுதான். அடுத்த வருஷமே குயின்ஸ்லாந்துக்கு கோச். 1982, 83, 84 மூன்று தொடர்களும் குயின்ஸ்லாந்துக்கே வந்தன.

அவருடைய பழைய வீடியோ கிடைத்தால் கையை மட்டும் கவனி. இரண்டு மூன்று பேர் பிடித்துச் சாய்ப்பார்கள். டேக்கிள் முடிந்துவிட்டால் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இவரோ தரையில் விழுவதற்குள் ஒரு கையை எப்படியோ உருவி, பக்கத்தில் ஓடி வருகிறவனிடம் பந்தைக் கொடுத்துவிடுவார். அவ்வளவு பெரிய உடம்பில் அந்தக் கை எவ்வளவு மென்மை! எவன் எங்கே வருகிறான் என்பது தெரியாமல் அது முடியாது. உனக்கும் அந்தப் பார்வை உண்டு. பள்ளி நாளிலிருந்தே பார்த்து வருகிறேன். முழங்கால் போனாலும் அது போகாது, அந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் அதைத்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, சரி என்று சொல்லிவிடு. அப்புறம், முழங்காலுக்கு ஐஸ் வைப்பதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
அப்பா