வீட்டு வேலைக்குக் கூலி வேண்டாம், கைச்செலவுக்குப் பணம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கையை மடித்தால் இவ்வளவு, பாத்திரம் துலக்கினால் இவ்வளவு என்று வீட்டு வேலைகளுக்கு விலைப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டும்படி பெற்றோருக்கு யோசனை சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பணத்தின் அருமையைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிய வேண்டும் என்பதில் பள்ளி ஆசிரியையான எனக்கும் மிகுந்த அக்கறை உண்டு. ஆனால் அந்தப் பட்டியலை எந்த வீட்டிலும் ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

விலை வைத்த வேலையை மறுக்கும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறது. "இந்த வாரம் எனக்குப் பணம் தேவையில்லை, அதனால் துலக்க மாட்டேன்" என்று பத்து வயதுப் பிள்ளை சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? அவன் கணக்கில் பிழையே இல்லை. தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும் தன் துணியை மடித்து வைப்பதும் அந்த வீட்டில் ஒருவனாக இருப்பதால் வரும் பொறுப்பு. அதற்குக் கூலி கொடுக்கத் தொடங்கினால், தண்ணீர் எடுத்து வரச் சொன்னாலும் "எவ்வளவு தருவீர்கள்?" என்ற கேள்வி வரும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகள் பெரியவர் கை தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுத்து உதவினார்கள். உதவிக்குப் பரிசு பெற்றுப் பழகிய குழந்தைகள், பின்னர் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். வெறும் பாராட்டு அப்படிக் கெடுக்கவில்லை. உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளியில் செய்து 1973இல் வெளியிட்ட சோதனையும் இதையே காட்டியது. படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகளுக்கு, பிறகு வரைவதில் இருந்த ஆசையே குறைந்துபோனது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்குக் குறையவில்லை.

கட்டுரையாளர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அம்மாவின் பெயர் எங்கே? நாள் முழுவதும் அவர் செய்யும் வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. உலகெங்கும் 5 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமிகள், அதே வயதுச் சிறுவர்களைவிட 40 சதவீதம் அதிக நேரத்தை ஊதியமில்லாத வீட்டு வேலையில் கழிக்கிறார்கள் என்று யுனிசெப் 2016இல் கணக்கிட்டது. அக்கா வழக்கம்போலச் செய்வதும் தம்பி காசு வாங்கிக்கொண்டு செய்வதுமாக ஒரு வீடு நடந்தால், பணத்தைப் பற்றி அந்த இருவரும் கற்பது என்ன? எனக்கு இதுதான் மிகவும் கவலை தருகிறது.

அப்படியானால் பணம் கொடுக்கவே கூடாதா என்றால், கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். பணத்தைக் கையாளாமல் பணத்தைக் கற்க முடியாது. தொகை சிறியதாக இருக்கட்டும். ஆனால் நாள் தவறக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை, பதின்வயதினருக்கு மாதம் ஒருமுறை. எந்தெந்தச் செலவை அதிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். மதிப்பெண் குறைந்தது, எதிர்த்துப் பேசினான் என்று அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. வருமா வராதா என்று தெரியாத பணத்துக்கு யாரும் திட்டமிட முடியாது.

சேமிப்புப் பழக்கமே அந்த நம்பிக்கையில்தான் பிறக்கிறது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், காத்திருந்தால் ஒரு மிட்டாய்க்கு இரண்டு மிட்டாய் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். அதற்குச் சற்றுமுன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். சொல் தவறியவரிடம் 3 நிமிடம்தான். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று குறைப்படும் பெற்றோர், தாங்கள் தருவதாகச் சொன்னதைச் சொன்ன நாளில் தந்தோமா என்றும் பார்க்க வேண்டும்.

கொடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கடினம். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் ஒரு பொம்மைக்குச் செலவழித்துவிட்டுப் பிள்ளை முழித்தால், மிச்ச நாள்களை அவன் காசில்லாமல் கடக்கட்டும். திட்டவும் வேண்டாம், இரக்கப்பட்டு மேலும் கொடுக்கவும் வேண்டாம். சிறு வயதினருக்கு நாணயமும் நோட்டுமாகவே கொடுங்கள். குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உண்டியலில் தங்கும் பணத்துக்குப் பெற்றோரே மாதம் 10 சதவீதம் வட்டி கொடுத்துப் பார்க்கலாம். வட்டிக்கும் வட்டி சேர்ந்து எட்டாவது மாதத்தில் அது இரட்டிப்பைத் தாண்டிவிடும். கடன் வாங்கினால் இதே கணக்கு எப்படித் திரும்பிப் பாயும் என்பதை அப்போது ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடலாம்.

உழைத்துச் சம்பாதிக்கும் அனுபவமும் வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அதை மறுக்கவில்லை. பரணைச் சுத்தம் செய்வது, வேலிக்கு வண்ணம் பூசுவது போல, வெளியாளை வைத்தால் நாம் காசு கொடுக்கக்கூடிய வேலைகளுக்குப் பேரம் பேசிக் கூலி கொடுக்கலாம். விருப்பமில்லாவிட்டால் பிள்ளை மறுத்தாலும் அங்கே எதுவும் கெட்டுப்போகாது.

கைச்செலவுக்கென்று தனியே ஒதுக்க முடியாத குடும்பங்களைக் கட்டுரை நினைத்துப் பார்க்கவே இல்லை. அங்கே மின்கட்டண ரசீதைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் போன மாதத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். பெரிய பொட்டலமா சிறிய பொட்டலமா, எது மலிவு என்று எடையால் வகுத்துப் பார்க்கச் சொல்லலாம். அந்தப் பெற்றோருக்கும் பயன்படும்படி இதைப் பற்றி ஒரு கட்டுரையை விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி