மாரிக்கு முன் கூரை, தைக்கு முன் பெட்டி: ஆசிரியர் வள அறைக்கு உங்கள் பங்கைக் கேட்கிறோம்

அன்பான ஊரவர்களே, கடல் கடந்து வாழும் எங்கள் உறவுகளே,

வாசிகசாலையின் பின்னறையை ஏழு பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கான வள அறையாக்க, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தொடங்கிய வேலை அரைவாசியில் நிற்கிறது. தேவை 13 இலட்சம் ரூபா. கையில் சேர்ந்தது 8 இலட்சத்து 15 ஆயிரம். மிச்சம் 4 இலட்சத்து 85 ஆயிரமும் ஒக்ரோபர் 10ஆம் திகதிக்கு முன் வந்து சேர வேண்டும். ஐப்பசி பிறந்தபின் ஓட்டைப் பிரித்தால் அறைக்குள் இருக்கும் எல்லாம் மழையில் போய்விடும். அதனால்தான் அந்தத் திகதி.

சென்ற மாரியில் நடந்தது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுற்றியுள்ள ஏழு பள்ளிக்கூடங்களின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் மூன்று சனிக்கிழமை கூடியிருந்து எழுத்து அட்டை, எண் அட்டை, படக்கதை அட்டை என்று 600க்கு மேல் செய்து வாசிகசாலையின் பின்னறையில் வைத்திருந்தார்கள். ஒரே இரவு மழை. இரண்டு ஓடு விலகியதில் பாதிக்கு மேல் ஊறிப்போயின. தரம் 2 படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், விறாந்தையில் பாய் விரித்து, ஒவ்வொன்றாகக் காயவைத்தார். மை கரைந்த அட்டையில் எது ‘ல’, எது ‘வ’ என்று பிரிக்க முடியவில்லை. அந்த அட்டைகளுக்கு வாங்கிய பிறிஸ்ரல் போட், மாக்கர் எல்லாம் அவர்களுடைய சம்பளக் காசு. அதைக் கேள்விப்பட்ட அன்றுதான், இந்த அறையைச் சரியாகக் கட்டிக் கொடுப்பது ஊரின் கடமை என்று எங்கள் குழு முடிவெடுத்தது.

படிப்புக்குக் கைகொடுப்பது நம் மண்ணுக்குப் புதிது இல்லை. மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியையும் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கினார்கள். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த வருடமே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக வாசிக்கப் பாலபாடங்களைத் தாமே எழுதித் தாமே அச்சிட்டார். பள்ளிக்கூடத்தைத் திறந்தால் போதாது, ஆசிரியர் கையில் பிடித்துப் படிப்பிக்க ஒரு பொருள் வேண்டும் என்று 170 வருடங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் இன்று கேட்பதும் அதைத்தான்.

எங்கள் வாசிகசாலைக்கும் ஒரு பெருமை உண்டு. நம் பாட்டன்மார் சுண்ணாம்புக்கல் சுமந்து கட்டிய சுவர் அது. காணி தந்தவர் ஒருவர், பனைமரம் தறித்துத் தந்தவர் ஒருவர், காசு இல்லாதவர்கள் கைவேலை. மாலையில் எழுத்து வாசிப்புத் தெரியாதவர்களுக்காகத் திண்ணையில் இருந்து தினசரியை உரத்து வாசித்த காலத்தை இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி போரால் வலிகாமமே வெளிக்கிட்டுப் போனபோது இந்த வாசிகசாலையும் தனித்துப் போனது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, புத்தகமும் இல்லை, கதவும் இல்லை. சுவர் மட்டும் நின்றது. அந்தச் சுவரை வைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கிய ஊர் இது.

சரி, அறைக்குள் என்ன வரப்போகிறது என்று பலர் கேட்டீர்கள். விளக்கமாகவே சொல்கிறோம்.

பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. ஆனால் தரம் 1, 2 பிள்ளை புத்தகத்தால் மட்டும் படிப்பதில்லை. அந்த வயதுக்கு விளையாட்டும் செயற்பாடும்தான் முதல். மேசை வேலை அதற்குப் பிறகு. பிள்ளை தொட, எண்ண, அடுக்க, மணந்து பார்க்கப் பொருள் வேண்டும். அந்தப் பொருள் வளவில் கிடக்கும் பருவத்திலேயே பாடமும் நடந்தால் சொல்லிக் கொடுப்பது பாதி வேலையாகிவிடும். ஆகவே மாதத்தைப் பார்த்து எட்டு வகைப் பெட்டிகள் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். ஒவ்வொரு வகையிலும் மூன்று, மொத்தம் 24 பெட்டிகள். ஒரு பள்ளிக்கூடம் ஒரு பெட்டியை இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும்.

தைப் பெட்டியில் பட்டம் இருக்கும். வாடைக்காற்று வீசும் அந்த நாட்களில் எந்தப் பிள்ளையின் கண்ணும் கரும்பலகையில் நிற்காது. வானத்தில்தான் நிற்கும். அப்படியானால் வானத்தையே வகுப்புக்குக் கொண்டுவருவோம் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். எட்டுமூலைப் பட்டத்தின் தாளை நடுவில் மடித்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். சமச்சீர் என்ற சொல்லைப் பிள்ளை பிறகு கற்றால் போதும், கை முதலில் கற்றுவிடுகிறது. ஈர்க்கை அடிமட்டத்தால் அளந்து வெட்ட வேண்டும், ஒரு பக்கம் கூடினால் பட்டம் சரியும். பட்டத்தில் விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நார்) பூட்டினால் ஏன் கூவுகிறது என்று கேட்டால் அது ஒலிக்கும் அதிர்வுக்குமான பாடம். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையை ஐந்து வசனம் எழுதச் சொன்னால் அது பத்து எழுதும். இதைச் சென்ற தையில் இரண்டு வகுப்புகளில் செய்து பார்த்துவிட்டோம். நூல் கட்டைகூட ஊரவர்கள் தந்ததுதான்.

பனையும் தைப் பெட்டியோடுதான் வரும். பனையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் பாடம் இல்லை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதையைப் பாத்தி போட்டால், மார்கழி, தையில் கிழங்கு கிண்டலாம். சில மாதங்களுக்குள் முளை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிடும். கிண்டிய கிழங்கைப் பத்துப் பத்தாகக் கட்டினால் பத்து, ஒன்று என்ற இடப்பெறுமானம் கையில் வந்துவிடுகிறது. கிழங்கு இல்லாத காலத்தில் அதே வேலையை ஈர்க்குக் கட்டு செய்யும். தரம் 1இல் இந்த இடத்தில் தடுக்கி விழுகிற பிள்ளை தரம் 5 வரைக்கும் கழித்தல் கணக்கில் அழுகிறது. நாற்பது வருடம் படிப்பித்துவிட்டு எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் அம்மா இதைச் சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது.

மழைப் பெட்டிதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. அடியில் கல் போட்டு, கோடு வரை தண்ணீர் விட்டு, பக்கத்தில் அளவுகோல் ஒட்டினால் சரி. ஒவ்வொரு காலையும் ஒரு பிள்ளை அளந்து பலகையில் எழுதும். ஒக்ரோபரில் இருந்து டிசம்பர் வரை பெய்யும் மழைதான் நம் குடாநாட்டின் வருட மழையில் பெரும்பங்கு. வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை, வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணற்றில் ஊறுகிறது. மழைமானியை அளக்கும் பிள்ளை கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்று நீர்மட்டத்தையும் கிழமைக்கு ஒருமுறை அளந்தால், மேலே பெய்தது கீழே வருவதைத் தானே கண்டுபிடிக்கும். தரம் 5க்கு இன்னும் ஒரு கணக்கு: 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர் தண்ணீர். தண்ணீரை ஏன் வீணாக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை.

மற்றப் பெட்டிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சித்திரைக்கு வேப்பம்பூவும் புத்தாண்டும், சோளகக் காலத்துக்குக் காற்றாடியும் மாம்பழமும், ஆடிக்குக் கூழும் கொழுக்கட்டையும், நவராத்திரிக்கு ஏடு தொடக்கல், கார்த்திகைக்கு விளக்கீடும் கார்த்திகைப்பூவும், மார்கழிக்குத் திருவெம்பாவையோடு நத்தாரும். நோன்புப் பெருநாள் வருடாவருடம் முன்னே நகர்வதால் அதற்குத் தனி உறை. ஏழு பள்ளிக்கூடங்களிலும் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஒருவரையும் விட்டுவிட மாட்டோம்.

இனிக் கணக்கு. கூரை ஓடு மாற்றவும் மரவேலைக்கும் 6 இலட்சத்து 80 ஆயிரம். இரும்பு அலுமாரி நான்கு, ஒன்று 58 ஆயிரம்படி 2 இலட்சத்து 32 ஆயிரம். பிறின்ரர் 95 ஆயிரம். லமினேற் இயந்திரம் 28 ஆயிரம். மின்சார வேலை 60 ஆயிரம். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி 24, ஒன்று 2,500 ரூபாபடி 60 ஆயிரம். முதல் வருடத்துக்கான தாள், மை, லமினேற் உறை, பிறிஸ்ரல் போட், நூல், துணி எல்லாவற்றுக்கும் 1 இலட்சத்து 45 ஆயிரம். கூட்டினால் 13 இலட்சம். ஒரு பெட்டியை உள்ளே இருக்கும் பொருளோடு நிரப்ப ஏறத்தாழ 8,500 ரூபா. குழுவில் ஒருவருக்கும் போக்குவரத்துச் செலவுகூடக் கிடையாது.

இதுவரை தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக 2 இலட்சம் அனுப்பிய கனடா அண்ணாவை மறக்க மாட்டோம். சுவிசில் இரவு வேலை செய்துகொண்டே மாதம் 10 ஆயிரமாக ஒன்பது மாதம் அனுப்பிய தம்பிக்கு எங்கள் நன்றி. சந்தையில் வெங்காயம் விற்கும் அம்மா ஒருவர் ஒவ்வொரு வெள்ளியும் 200 ரூபா கொண்டுவந்து பொருளாளர் கையில் வைத்துவிட்டு, பற்றுச்சீட்டுக்குக்கூட நிற்காமல் போவார். அவருடைய பேரப்பிள்ளை அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில்கூட இல்லை. கூலியில் பாதியை விட்டுத்தந்த மேசன்மார், மரத்தை வாங்கிய விலைக்கே தந்த மர வியாபாரி, சனிக்கிழமை சிரமதானத்துக்கு வந்து குப்பை அள்ளிய உயர்தர மாணவர்கள், அவர்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்த அக்காமார், எல்லாரையும் நன்றியோடு நினைக்கிறோம். தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளை மண்முட்டியை உடைத்து 1,340 ரூபா தந்தது. அந்தக் காசை எண்ணும்போது குழுவில் ஒருவரும் பேசவில்லை. தந்த எல்லாருடைய குடும்பத்துக்கும் நவராத்திரி முதல்நாள் பிள்ளையார் கோயிலில் பூசை செய்ய ஒழுங்கு செய்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், கோபிக்க வேண்டாம். சித்திரைக் கூட்டத்தில் கை உயர்த்தி வாக்குத் தந்தவர்கள் 31 பேர். தந்தவர்கள் 12 பேர். மற்ற 19 பேரின் வாக்கு மொத்தம் 2 இலட்சத்து 90 ஆயிரம். பெயர் சொல்ல மாட்டோம். யார் யார் என்று உங்களுக்கே தெரியும். கஷ்டம் வந்திருந்தால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள், அதை விளங்கிக்கொள்ளும் மனிதர்கள்தான் இந்தக் குழுவில் இருக்கிறோம். வசதி இருந்தும் மறந்திருந்தால் இது ஞாபகப்படுத்தல். திருவிழாவில் ஒரு இரவு வெடிக்கு ஒரே நாளில் காசு சேர்க்கத் தெரிந்த ஊர் நாம். அந்தப் பக்தியைக் குறை சொல்லவில்லை, நாங்களும் அதே வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள்தான். ஆனால் தேர் இழுத்த கை பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நீளவில்லை என்றால் அம்மனுக்கு என்ன பதில் சொல்வோம்?

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் ‘அ’ எழுதிப் பழகியது இந்த மண்ணில்தான். மடியில் வைத்துக் கை பிடித்து எழுதுவித்த ரீச்சர் பலர் இப்போது இல்லை. அவர்கள் இருந்த கதிரையில் இப்போது இருப்பவர்கள்தான் இன்று கேட்கிறார்கள். அவர்களும் தங்களுக்காகக் கேட்கவில்லை.

காசு இல்லாவிட்டாலும் பொருளாகத் தரலாம். ஈர்க்கு, புளியங்கொட்டை, சோடா மூடி, சிப்பி, சோகி, பழைய கலண்டர், கிழியாத சேலைத் துணி, நல்ல நிலையில் உள்ள சிறுவர் கதைப் புத்தகம். உடைந்த விளையாட்டுப் பொருள் மட்டும் வேண்டாம், பிள்ளைகளின் கை வெட்டும். கத்திரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வாசிகசாலைக்கு வந்தால் அட்டை வெட்டும் வேலை நிறைய இருக்கிறது. போன கிழமை 78 வயது ஐயா ஒருவர் வந்திருந்து கொக்குப் பட்டத்துக்கு மூங்கில் சீவிப் பழக்கினார். நான்கு ஆசிரியர்மாரும் ஆறு பிள்ளைகளும் அவரைச் சுற்றிக் குந்தியிருந்து கற்றார்கள்.

பொருளாளர் ஒவ்வொரு நாளும் மாலை 4 மணியில் இருந்து 6 மணி வரை வாசிகசாலையில் இருப்பார். வங்கிக் கணக்கு இலக்கம் அறிவித்தல் பலகையிலும் ஊர் வட்ஸ்அப் குழுவிலும் உள்ளது, வேறு யாராவது வேறு இலக்கம் அனுப்பினால் நம்ப வேண்டாம். எந்தத் தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பலகையில் ஒட்டப்படும். ஓட்டுக்காரர் ஒக்ரோபர் 12 காலை வேலை தொடங்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்கு இரண்டு நாள் முன் அவருக்கு மிச்சப் பணம் போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
வாசிகசாலை நிர்வாகக் குழுவினரும்
ஏழு பள்ளிக்கூடங்களின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும்