பெயரை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

நம் மோட் குழுவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு வீடியோ விளையாட்டை ஆட்டக்காரர்களாகிய நாமே மாற்றியமைத்துச் செய்யும் நம் மோட்டின் புதிய பதிப்பு சென்ற வாரம் வந்தது. அதன் பங்களிப்பாளர் பட்டியலைப் பார்த்தேன். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தை ஆட்டக் களமாக்கும் வரைபடத்தைச் செய்த தம்பியின் பெயர் அதில் இல்லை. கேட்டதற்கு, இப்போது குழுவில் இயங்குபவர்களின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்றீர்கள். அவர் ஏன் இயங்கவில்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கிறார்.

அந்த வரைபடம் எப்படி உருவானது என்பதும் தெரியும். கேம்பல் லேன் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையின் தூண்கள், தேக்கா சந்தையின் ஈரத் தரை, சிராங்கூன் சாலைப் பூக்கடையில் தொங்கும் மாலைகள் என்று ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் படமெடுத்து, முப்பரிமாண மாடல் செய்து, அதன் மேற்பரப்புக்குத் தோற்றம் தரும் டெக்ஸ்சர் ஏற்றியவர் அவர். பலதுறைத் தொழிற்கல்லூரியின் கடைசி ஆண்டுத் தேர்வுகளுக்கு நடுவே செய்தார். பட்டாளத்தில் சேர்ந்த பிறகும், வார இறுதியில் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போகாமல் பிழை திருத்தி அனுப்பினார். அந்தத் திருத்தங்கள்தான் இந்தப் பதிப்பில் ஓடுகின்றன.

இப்போது பல்கலைக்கழக விண்ணப்பத்துடன் தம் படைப்புகளைக் காட்ட வேண்டியிருக்கிறது. அவரிடம் இருப்பதில் சிறந்தது இந்த வரைபடம். அதைக் காட்டவும் நீங்கள் அனுமதிக்கவில்லை. கோப்புகளைப் பகிரும் குழுவின் இணைய டிரைவில் ஏற்றியதெல்லாம் குழுவின் சொத்து என்கிறீர்கள். பட்டியலிலும் பெயர் இல்லை, காட்டவும் கூடாது என்றால், அதைத் தாம்தான் செய்தோம் என்று அவர் எதை வைத்துச் சொல்வார்?

குழுவின் சொத்து என்று எந்த ஏற்பாட்டில் முடிவானது? சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021 படைத்தவர் பக்கம் நிற்கிறது. உரிமையைப் பெற எங்கும் பதிய வேண்டியதில்லை. அதை இன்னொருவருக்கு மாற்றித்தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் வந்ததுதான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் செய்தது முதலாளிக்குப் போகலாம். நாம் யாரும் சம்பளம் வாங்கவில்லை, எதிலும் கையெழுத்திடவும் இல்லை.

மூல விளையாட்டு அதன் நிறுவனத்துடையது. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் 2020இல் 'வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்' வந்தபோது, ஆட்டக்காரர்கள் உருவாக்கும் வரைபடங்களும் தனக்கே சொந்தம் என்று பிளிஸார்ட் விதி எழுதியதற்கு நம்மில் எத்தனை பேர் கொதித்தோம்? அந்த நிறுவனமாவது விதியை எழுதி வைத்தது. நாம் எழுதக்கூட இல்லை.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஒருவர் கோபித்துக்கொண்டு தம் கோப்புகளைத் திரும்பக் கேட்டால் மோட் முழுவதும் உடைந்துவிடும். அதற்கு வழி உண்டு. படைப்பு படைத்தவருடையது, இந்த மோட்டில் பயன்படுத்த, திரும்பப் பெற முடியாத அனுமதி குழுவுக்கு. இதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திடலாம்.

நம் சமூகத்தில் இது புதிதும் இல்லை. விழா மலருக்கு ஓவியம், நாடகத்துக்கு இசை, அழைப்பிதழ் வடிவமைப்பு என்று எதைக் கேட்டாலும் தொண்டூழியம்தானே என்கிறோம். அச்சாகும்போது தலைவர், செயலாளர் பெயர்கள் இருக்கின்றன. வரைந்த பிள்ளையின் பெயர் இருப்பதில்லை. பணம் கேட்காதவருக்குத் தரக்கூடியது பெயர் ஒன்றுதான். அதையும் மறுத்தால் அடுத்த பிள்ளை எதை நம்பி வரும்? இளையர்கள் தமிழில் எதுவும் செய்வதில்லை என்று மேடையில் வருந்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கோபத்தில் எழுதினாலும் கேட்பது பணிவாகத்தான். தம்பியின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். விண்ணப்பத்தில் அந்த வரைபடத்தைக் காட்ட இந்த வாரமே எழுத்தில் சம்மதம் கொடுங்கள். விண்ணப்பக் கெடு நெருங்குகிறது. விலகிய மற்றவர்களின் பெயர்களும் அப்படியே திரும்ப வர வேண்டும். அதுவரை அடுத்த பதிப்புக்கான வசனங்களை நான் டிரைவில் ஏற்றப்போவதில்லை.

அன்புடன்,
குழுவில் வசனம் எழுதும் உங்கள் சகோதரி