காப்ஸ் ஹில் வழியாகப் போகிறவளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். பாஸ்டனில் காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் தினமும் வேலைக்கு நடக்கிறேன் என்று போனில் சொன்னாயே அம்மா, அன்றிலிருந்து அந்த ஊரில் வாழ்ந்த கறுப்பர் தலைவர் பிரின்ஸ் ஹால் நினைப்பாகவே இருக்கிறேன். அவரை அங்கேதான் 1807-ல் அடக்கம் செய்தார்கள்.

தோல் வேலை செய்தவர் அவர். பீரங்கிப் படையின் முரசுகளுக்கு ஐந்து தோல் போட்டுக் கொடுத்த பில்கூட இருக்கிறது. ஃப்ரீமேசன் என்பது ஒரு சகோதரச் சங்கம், அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். ஊரிலிருந்த லாட்ஜுகள் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. 1775-ல் அவரும் இன்னும் 14 கறுப்பரும் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றின் லாட்ஜில் சேர்ந்தார்கள். அப்புறம் அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்து அந்தப் படை ஊரைவிட்டே போய்விட்டது. 1776 ஜூலை 3-ல் இவர்களே ஆப்பிரிக்கன் லாட்ஜைத் தொடங்கினார்கள், ஹால் தலைவர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு முதல் நாள் அது!

ஆனால் கையிலிருந்தது அரைகுறை அனுமதிதான். செயின்ட் ஜான் திருநாளில் ஊர்வலம் போகலாம், இறந்த லாட்ஜ் உறுப்பினரை முறைப்படி அடக்கம் செய்யலாம். புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது. யோசித்துப் பார், குழி தோண்ட உரிமை உண்டு, ஆள் சேர்க்க உரிமை இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

உள்ளூரை நம்பாமல் ஹால் முழு அனுமதி கேட்டு லண்டனிலிருந்த தலைமை லாட்ஜுக்கே எழுதினார். அங்கே 1784 செப்டம்பர் 29-ல் 459-ஆம் எண் போட்டு அனுமதிச் சாசனம் எழுதிவிட்டார்கள். அது பாஸ்டன் வந்து சேர்ந்தது 1787 ஏப்ரலில். எழுதி முடித்த காகிதத்துக்காக இரண்டரை வருடம் காத்திருந்திருக்கிறார் மனுஷர்.

அடுத்த வருடமே கறுப்பர் மூவரை ஏமாற்றிக் கப்பலேற்றி, அடிமைகளாக விற்க மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஹாலும் லாட்ஜ் சகோதரர்களும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். மார்ச் மாதமே அடிமை வாணிபத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. மூவரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். கறுப்பர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டும் அவர் மனுப் போட்டார், அது கிடைக்கவில்லை. கடைசியில் தன் வீட்டிலேயே பள்ளி நடத்த இடம் கொடுத்தார். அந்த லாட்ஜ் வழி வந்தவர்கள் இன்றும் பிரின்ஸ் ஹால் மேசன்கள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகாதே. உள்ளே போய் அவர் கல்லைத் தேடு. எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று அப்பாவுக்கு எழுது.

அன்புடன்,
அப்பா