எங்கள் பயிரையும் பயிர் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மின் வழங்கல் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கட்டடத்துக்குள் மண்ணில்லாமல், விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகப் பயிர் வளர்க்கும் எங்கள் பண்ணையைப் பயிர் வளர்க்கும் இடம் என்று பதியச் சொல்லி மூன்று வருடமாக நான் கொடுத்த மனுக்களும் அவற்றுக்கு நீங்கள் அனுப்பிய பதில்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. வேளாண் துறையில் "மண்ணும் இல்லை, நிலமும் இல்லை, இதை எப்படி விவசாயம் என்பது?" என்றார்கள். கட்டடப் பிரிவில் கிடங்கு என்றார்கள். மின் துறையில் வணிக இணைப்பு என்றார்கள். அதையெல்லாம் இங்கே மறுபடி விரிக்கப் போவதில்லை. போன மாதம் ஒரு நாள் காலை பத்தேகாலுக்குப் பராமரிப்புப் பணிக்காக நின்ற மின்சாரம் மாலை ஐந்தேகாலுக்குத்தான் திரும்பியது. அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

மருத்துவமனைகளுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் விவசாய பம்பு இணைப்புகளுக்கும் முந்தைய நாளே தகவல் போயிருக்கிறது. எங்களுக்கு வரவில்லை. பதிவேட்டில் நாங்கள் வெறும் கிடங்கு. கிடங்கில் இருக்கும் பெட்டிக்கு ஏழு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாதுதான்.

எங்களிடம் இருப்பது ஆறு அடுக்கு லெட்டூஸ் என்கிற இலைக்காய்கறி. லேசாகச் சரித்து வைத்த குழாய்களுக்குள் ஊட்டக் கரைசல் மெல்லிய ஏடு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். வேரின் ஒரு பாதி அந்த நீரில், மறு பாதி காற்றில். மண்ணாக இருந்தால் ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செடியைக் காப்பாற்றும். குழாயில் அந்தச் சேமிப்பு கிடையாது. மோட்டார் நின்ற சில நிமிடங்களில் நீர் எல்லாம் கீழே இருக்கும் தொட்டிக்கு வடிந்துவிடும்.

பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது. அதற்கப்புறம் நாங்கள் ஐந்து பேர் ஏணி போட்டு, ஜக்கில் கரைசலை மொண்டு, ஒவ்வொரு குழாயின் தலைப்பிலும் ஊற்றினோம். ஆறாவது அடுக்கை முடித்து இறங்குவதற்குள் முதல் அடுக்கு காய்ந்திருந்தது. காலையில் பஞ்சு நூல் போல வெள்ளையாக இருந்த வேர், மூன்று மணிக்குக் குழாயின் மூடியைத் திறந்து பார்த்தபோது நுனியெல்லாம் தேநீர் நிறத்துக்கு மாறிக் குழாயோடு ஒட்டிக்கிடந்தது.

முந்தைய நாள் மாலை ஒரு வரித் தகவல் வந்திருந்தால் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்திருப்போம். சொந்தமாக ஒன்று வைக்கக் கேட்டு நாங்கள் கொடுத்த விண்ணப்பம், இது எந்த வகைக் கட்டடம் என்று முடிவாகாததால் உங்கள் மேசையிலேயே நிற்கிறது.

மறுநாள் உங்கள் ஆய்வாளர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். இலைகளைப் பார்த்தார், பச்சையாக இருந்தன. "நீங்கள் பகலில் விளக்கை அணைத்துத்தானே வைக்கிறீர்கள்? அணைந்திருந்த நேரத்தில்தானே மின்சாரம் போனது?" என்று கேட்டுவிட்டு, 'இழப்பு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

ஐயா, எங்கள் பயிருக்குப் பொழுது விடிவதே இரவு எட்டு மணிக்குத்தான். நகரத்தின் மின் தேவை இறங்கும் இரவு நேரத்தை ஒட்டி விளக்கைப் போட்டு, காலை பத்து மணிக்கு அணைக்கிறோம். விளக்கு அணைந்திருப்பது செடிக்கு இரவு, அதனால் அதற்குக் கேடு இல்லை. ஆனால் மோட்டாரும் மின்விசிறியும் அந்த இரவிலும் ஓட வேண்டும். வேருக்கு விடுமுறை கிடையாது.

ஐந்தாம் நாள்தான் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. நடுக்குருத்தை விரித்துப் பார்த்தால் இளம் இலைகளின் ஓரம் கருகியிருந்தது. செடி சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் இளம் வேர்நுனி வழியாகத்தான். நுனி செத்தால் அந்தச் சத்து குருத்துக்குப் போய்ச் சேராது. வெளி இலை பச்சையாகவே நிற்கும், உள்ளே கருகும். அதோடும் நிற்கவில்லை. காயப்பட்ட வேரில் பித்தியம் என்கிற அழுகல் நோய் புகுந்தது. எல்லா அடுக்குக்கும் ஒரே தொட்டி நீர்தான் சுற்றி வருகிறது என்பதால், மூன்றாம் அடுக்கில் தொடங்கியது ஒரு வாரத்தில் ஆறுக்கும் பரவியது. விதை போட்டு முப்பது நாள் வளர்த்ததை, அறுவடைக்குச் சில நாள் இருக்கும்போது மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். உங்கள் அறிக்கையில் இன்னமும் 'இழப்பு எதுவும் காணப்படவில்லை' என்றுதான் இருக்கிறது.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. நாங்கள் இருக்கும் இடத்தைப் பயிர் வளர்க்கும் இடம் என்று பதிவேட்டில் எழுதுங்கள். முன்னறிவிப்பு, ஜெனரேட்டர் அனுமதி, சேத ஆய்வுக்குப் பயிர் தெரிந்த ஒருவர், இரவு நேர மின் கட்டணம் எல்லாம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வரும்.

சட்டத்தில் இடமில்லை என்கிறீர்கள். ஜப்பானில் 2018இல் விவசாய நிலச் சட்டத்தைத் திருத்தினார்கள். பயிர் வளர்க்கும் கூடத்துக்காகத் தரை முழுவதும் கான்கிரீட் போட்டாலும், முறைப்படி தெரிவித்திருந்தால் அது விவசாய நிலமாகவே கருதப்படும் என்று எழுதினார்கள். பாஸ்டன் நகரம் 2013 டிசம்பரில் தன் நிலப் பயன்பாட்டு விதிகளில் 89ஆம் பிரிவைச் சேர்த்து, நகர விவசாயத்துக்கென்று தனி இடம் கொடுத்தது. மொட்டை மாடித் தோட்டமும் மண்ணில்லா விவசாயமும் அதில் வருகின்றன. இரண்டு இடத்திலும் செய்தது விதியைத் திருத்தியதுதான்.

போன கூட்டத்தில் உங்களில் ஒருவர் சொன்னதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். "பெரிய கம்பெனிகளே மூழ்கிவிட்டன, நீங்கள் எம்மாத்திரம்?" என்றார். மூழ்கியது உண்மைதான், நான் மறைக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய அடுக்குப் பண்ணை நிறுவனங்களில் ஒன்றான ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் கடனைச் சமாளிக்க முடியாமல் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே நாட்டின் பவரி நிறுவனம் 2024 நவம்பரில் மூடியது. பிளென்டி நிறுவனமும் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கேட்டது. 1999இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர் தன் மாணவர்களோடு உட்கார்ந்து யோசித்தபோது பிறந்த அடுக்குப் பண்ணைக் கனவுக்கும், இன்று மாதாமாதம் வரும் மின் ரசீதுக்கும் நடுவே இருக்கும் தூரம் எங்களுக்குத் தெரியாதா? 2021இல் வந்த ஓர் உலகளாவிய கணக்கெடுப்பில், அடுக்குப் பண்ணைகளில் ஒரு கிலோ விளைச்சலுக்குச் சராசரியாக 38.8 யூனிட் மின்சாரம் ஆவதாகவும், பசுமைக் கூடங்களில் 5.4 யூனிட் போதும் என்றும் இருந்தது. 2020இல் வந்த ஓர் ஆய்வு, பத்து அடுக்கில் கோதுமை விளைவித்தால் வயலைப் போலப் பல நூறு மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டது. விளக்குக்கு ஆகும் செலவில் அது கட்டுப்படியாகாது என்றும் அதே ஆய்வு சொன்னது. அடுக்குப் பண்ணை ஊருக்குச் சோறு போடும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வயலில் நிற்கும் விவசாயிக்கு நாங்கள் மாற்றும் இல்லை, போட்டியும் இல்லை.

எங்களால் முடிந்தது சிறியது. வயலுக்கு ஆகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, பூச்சி மருந்து தெளிக்காமல், வெள்ளம் வந்தாலும் வெயில் கொளுத்தினாலும் இலைக்காய்கறியை நகரத்துக்குள்ளேயே விளைவித்துத் தர முடியும். அதுவும் மின்சாரக் கணக்கு ஒத்துவந்தால்தான் முடியும். பெரிய நிறுவனங்கள் விழுந்ததில் மின் செலவுக்கும் கடனுக்கும் பெரும் பங்கு உண்டு. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் எங்களை வணிகக் கட்டணத்திலேயே வைத்திருப்பது என்ன நியாயம்?

சொல்லக் கூடாது என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நகர வளர்ச்சித் திட்டக் கையேட்டில் எங்கள் நான்காம் அடுக்கின் படம் வந்திருக்கிறது. இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் நாற்றுகள் வரிசையாக நிற்கின்றன. படத்தை எடுக்க எங்களிடம் அனுமதி கேட்டார்கள், சந்தோஷமாகக் கொடுத்தோம். படத்துக்குக் கீழே 'நகர வேளாண்மை' என்று அச்சடித்திருக்கிறீர்கள். விருந்தினர்கள் வந்தால் எங்கள் பண்ணைக்குத்தான் அழைத்து வருகிறீர்கள். கையேட்டில் வேளாண்மையாக இருப்பது பதிவேட்டில் கிடங்காவது எப்படி? நாற்று விட்டு வளர்ப்பவனிடம் மூன்று வருடமாக "நீ செய்வது விவசாயம் என்று நிரூபி" என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். உங்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் எங்கள் பண்ணைக்கு வந்து பார்த்தீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

அழுகிய குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, தொட்டியைக் காயவைத்து, போன திங்கட்கிழமை மறுபடி விதை போட்டிருக்கிறோம். நாற்று இரண்டு இலை விட்டிருக்கிறது. இன்னும் பத்து நாளில் குழாய்க்கு மாற்ற வேண்டும். அடுத்த பராமரிப்பு அட்டவணை வெளியாவதற்குள் எங்களைப் பயிர் வளர்க்கும் இடம் என்று பதிவேட்டில் எழுதி, முன்னறிவிப்புப் பட்டியலில் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் முடியாது என்றால், என்றைக்குள் முடியும் என்றாவது எழுத்தில் தெரிவியுங்கள். எந்த நாளில் குழாய்க்கு மாற்றுவது என்று நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அடுக்குப் பண்ணை நடத்தும் ஐவரில் ஒருவர்